பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது யாரிடம் அனுமதி?

கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் சகோதரரே! சபுராளியாக வளைகுடாவில் வியர்வை சிந்தும் இளைஞரே! நீங்கள் ஊரில் இல்லாத ஓர் இரவு. ஒரு வயதுப் பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு இரைக்கிறது. வீட்டில் உங்கள் மனைவியும் வயதான தாயாரும் மட்டுமே. 'அவருக்கு போன் போட்டுக் கேட்போம், மாமா வரட்டும், விடியட்டும்' என்று காத்திருக்கிறார்கள். இந்தக் காத்திருப்பை மார்க்கம் என்று இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?

அபூ சுஃப்யான் (ரலி) போதிய செலவுக்குத் தருவதில்லை என்று அவருடைய மனைவி ஹிந்த் (ரலி) முறையிட்டார்கள். தமக்கும் பிள்ளைகளுக்கும் போதுமானதை நியாயமான அளவில் அவர் பொருளிலிருந்து எடுத்துக் கொள்ள நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அனுமதி கொடுத்தார்கள். ஆயிஷா (ரலி) வழியாக புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான செய்தி இது. அன்றாடச் செலவுக்கே இந்த உரிமை என்றால், உயிர் போகும் நேரத்தில் உங்கள் போனுக்கு அவள் ஏன் காத்திருக்க வேண்டும்? 'பிள்ளைக்கு மூச்சு திணறினால் என்னைக் கேட்காதே, கிளம்பு' என்று இன்றே சொல்லி விடுங்கள். பீரோவில் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். 108 ஆம்புலன்ஸுக்குக் காசு கிடையாது என்பதையும் சொல்லி வையுங்கள்.

எப்போது கிளம்ப வேண்டும்? அதற்குப் பெரிய படிப்பு வேண்டாம், ஒரு கடிகாரம் போதும். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்கு 60, ஒரு வயது வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. இந்த எண்ணைத் தொட்டாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாவிட்டாலோ, குடித்ததெல்லாம் வாந்தியானாலோ, வலிப்பு வந்தாலோ, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடந்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும். இரண்டு மாதம் நிரம்பாத சிசுவுக்குக் காய்ச்சல் வந்தாலும் அப்படித்தான்.

இந்த அறிகுறிகள் இல்லாத சளி, இருமலை வீட்டிலேயே பார்க்கலாம். பெரும்பாலும் அது வைரஸ், தானே இறங்கும். இரண்டாண்டுப் பாலூட்டல் பற்றி அல்குர்ஆன் 2:233 பேசுகிறதே, அந்தப் பாலை இப்போது அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். ஒரு வயது தாண்டிய பிள்ளைக்கு இருமல் தணியத் தேன் கொடுக்கலாம். தேனில் ஷிஃபா இருக்கிறது என்று ஒரு வயதுக்குள் உள்ள பிள்ளையின் நாவில் தடவ வேண்டாம். அந்த வயதின் குடலில் அது நஞ்சை உண்டாக்கக் கூடும்.

மெடிக்கலில் கேட்டு வாங்கும் இருமல் சிரப்பை விட்டொழியுங்கள். 2025 செப்டம்பர், அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருபதுக்கும் மேற்பட்ட பிஞ்சுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. அவர்களுக்குக் கொடுத்த சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷம் கலந்திருந்தது. இரண்டு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு இருமல், சளி மருந்தே எழுதக் கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதினால் சொன்ன நாள் முழுக்கக் கொடுங்கள். மூத்த பிள்ளைக்கு வாங்கி மீந்த பாட்டிலை இளைய பிள்ளைக்கு ஊற்றாதீர்கள்.

நம் வீட்டுப் பெரியம்மாக்கள் கோபித்தாலும் சரி, குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். அந்த எண்ணெய் நுரையீரலில் இறங்கித் தனி நிமோனியாவையே உண்டாக்கும். சாம்பிராணிப் புகையும் உங்கள் சிகரெட்டும் அந்த அறைக்குள் வேண்டாம்.

தாயத்துக்கு வருவோம். தாயத்துத் தொங்க விடுவது இணைவைப்பு என்று நபிகளார் எச்சரித்தது முஸ்னத் அஹ்மதில் இருக்கிறது. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று சொன்னதும் அதே தூதர்தான். துஆச் செய்யுங்கள், ஆட்டோவில் போய்க் கொண்டே செய்யுங்கள்!

தடுப்பூசியிலும் நாம் ஏமாந்தோம். 2017இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப் வதந்தியை நம்பிப் பிள்ளைகளை மறைத்தவர்கள் நம்மிலும் உண்டு. தட்டம்மை முற்றினால் நிமோனியாவில்தான் பல பிள்ளைகள் சாகின்றன. நிமோனியாவுக்கு எதிரான நியூமோகாக்கல் ஊசி 2021 முதல் தமிழக அரசு மருத்துவமனைகளில் இலவசம். ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என மூன்று தவணை.

கிளைச் சகோதரர்களே! அடுத்த ஜும்ஆவுக்குள் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் 60, 50, 40 என்ற மூன்று எண்களையும் வயதோடு எழுதி வையுங்கள். அதன் கீழே, இரவில் அழைத்தால் வரக்கூடிய இரண்டு ஆட்டோக்காரச் சகோதரர்களின் போன் எண்ணையும் எழுதுங்கள். பெண்கள் மதரஸாவுக்கும் ஒரு பிரதி போகட்டும்.