கண்ணீர் வடித்தவர்கள் கணக்குச் சொல்லட்டும்!

'காமெல்லியா மலர்ச் சீமாட்டி' என்ற பிரஞ்சு நாடகத்தைக் காதலின் காவியம் என்கிறார்கள். தியாகத்தின் சிகரம் என்கிறார்கள். 1852 பிப்ரவரி 2-ம் தேதி பாரிஸ் வோதவில் தியேட்டரில் அது அரங்கேறிய நாள் முதல், ஐரோப்பாவின் சீமான்களும் சீமாட்டிகளும் கைக்குட்டை நனைய நனைய அழுதார்கள். மறு ஆண்டே இத்தாலிய இசைமேதை வெர்டி அதை 'லா டிராவியாட்டா' என்ற இசை நாடகமாக்கினார். அது இன்றும் உலகமெங்கும் நடக்கிறது. கதாநாயகி இருமி இருமிச் சாகிறாள். சபை தேம்பித் தேம்பி அழுகிறது.

அழுதவர்களை நாம் குறை சொல்லவில்லை. அழ வேண்டிய இடத்தில் மனிதன் அழத்தான் வேண்டும். ஆனால் ஒன்று கேட்கிறோம்: அவளைக் கொன்றது யார்? க்ஷயரோகம் மட்டும்தானா?

கதை இதுதான். மார்கரெட் கோத்தியே பாரிஸ் பணக்காரர்களின் ஆசைநாயகி. ஆர்மான் என்ற வாலிபனை மனமாரக் காதலிக்கிறாள். பழைய வாழ்வை உதறிவிட்டு அவனோடு கிராமத்துக்குப் போகிறாள். தன் சாமான்களை விற்றுக் குடித்தனம் நடத்துகிறாள். அப்போது வந்து சேருகிறார் ஆர்மானின் தகப்பனார். தன் மகளுக்கு நல்ல இடத்தில் சம்பந்தம் கூடியிருக்கிறதாம். இவளால் அது கெட்டுவிடுமாம். ஆகவே இவள் விலகிவிட வேண்டுமாம்! அவள் விலகுகிறாள். உண்மை தெரியாத காதலன் நாலு பேர் நடுவில் அவள் மேல் பணத்தை விட்டெறிந்து அவமானப்படுத்துகிறான். கடைசியில் மன்னிப்பு வருகிறது. எப்போது? அவள் சாகும்போது!

இதைத் தியாகம் என்கிறார்கள். நாம் வேறு பெயர் சொல்லுகிறோம். ஒரு குடும்பத்தின் கௌரவத்துக்கு ஆன செலவை, அந்தக் குடும்பத்தில் இடமே இல்லாத ஒருத்தியின் தலையில் கட்டினார்கள். இது தியாகம் அல்ல, வசூல்!

மார்கரெட் வெறும் கற்பனை அல்ல. 1824-ல் நார்மண்டியில் ஓர் ஏழை நடைவியாபாரிக்கு மகளாகப் பிறந்தவள் அல்போன்சின் பிளெசி. சிறுமியாகவே பாரிஸ் வந்தாள். துணி வெளுத்தாள், தைத்தாள். அந்த உழைப்பு அவளை வாழவைக்கவில்லை. பணக்காரர்களின் பணம் அவளை 'மரீ டுப்ளெசி' ஆக்கியது. 1847 பிப்ரவரி 3-ம் தேதி க்ஷயத்தால் இறந்தாள். வயது 23. கடனுக்காக அவளுடைய கட்டில், கண்ணாடி, நகை, உடை எல்லாம் ஏலத்துக்கு வந்தன. உயிரோடு இருந்தவரை அவள் வாசற்படி மிதிக்கக் கூசிய கௌரவக் குடும்பத்துப் பெண்மணிகளும் வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

சில காலம் அவளுடைய காதலனாக இருந்தவர் அலெக்சாந்தர் டூமா, இளையவர். 1848-ல் இந்தக் கதையை நாவலாக எழுதினார். நாவல் எதில் தொடங்குகிறது? ஏலத்தில்! நாவலில் அவள் எப்படிச் சாகிறாள்? காதலன் பக்கத்தில் இல்லாமல் சாகிறாள்!

அதே டூமா அதை நாடகமாக்கியபோது என்ன நடந்தது? ஏலக் காட்சி போயிற்று. காதலன் ஓடோடி வந்து சேர்ந்தான். அவன் கைகளிலே அவள் உயிர் பிரிந்தது. கணக்குப் புத்தகம் மூடப்பட்டது. கண்ணீர்க் குழாய் திறக்கப்பட்டது. சபையோர் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அந்த டூமா பின்னாளில் ஒழுக்கப் போதகராகிவிட்டார். துரோகம் செய்யும் மனைவியைக் கணவன் கொல்லலாம் என்று முடியும் ஒரு பிரசுரத்தை 1872-ல் வெளியிட்டார். இரண்டே ஆண்டில் பிரஞ்சு அகாடமி அவரைத் தன் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. மார்கரெட்டுக்காக அழுத பேனாவின் யோக்கியதை இது!

சரி, அந்த வேஷத்தைப் போட்ட பெண்களின் கதை என்ன? அதைச் சீமான்கள் பேசுவதில்லை. நாம் பேசுவோம்.

முதலில் மார்கரெட்டாக நடித்தவர் யூஜெனி டோஷ். அந்தக் காலத்துப் பிரஞ்சு நாடகக் கொட்டகைகளில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜா ராணிக் கதை என்றால் உடை கம்பெனியுடையது. சமகாலக் கதை என்றால் நடிகையே தன் உடையை வாங்கிக்கொள்ள வேண்டும்! சீமாட்டி வேஷத்துக்குப் பட்டும் நகையும் வேண்டும். சாதாரண நடிகையின் சம்பளமோ அதற்கு எட்டாது. மீதிப் பணம் எங்கிருந்து வரும்? முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் 'புரவலர்' தயாராக இருந்தார். மேடைக்கு மேலே மார்கரெட்டின் கதை. மேடைக்குப் பின்னாலும் அதே கதை!

சாரா பெர்னார் இந்த வேஷத்தில் உலகப் புகழ் பெற்றவர். அவருடைய தாயும் பாரிஸில் பணக்காரர்களின் தயவில் வாழ்ந்தவர்தான். 1880-ல் சாரா அமெரிக்கா போய் மார்கரெட்டாக நடித்தார். கொட்டகைகள் நிரம்பின. ஆனால் மணமாகாமல் தாயான அவரைப் பாதிரிமார்கள் பிரசங்கபீடத்திலிருந்து தூற்றினார்கள். நாடகத்தில் வரும் பெண்ணுக்குக் கண்ணீர். உயிருள்ள பெண்ணுக்கு வசவு! 1915-ல் ஒரு காலை இழந்த பிறகும் அவர் மேடையை விடவில்லை.

இத்தாலியின் எலியனோரா டூசே, ஊர் ஊராகச் சுற்றிய நாடகக் குடும்பத்தில் 1858-ல் பிறந்தவர். பிள்ளைப் பிராயத்திலேயே மேடையேறியவர். முகப்பூச்சை ஒதுக்கிவிட்டு மார்கரெட்டை ஒரு சாதாரணப் பெண்ணாக நிறுத்தினார். நுரையீரல் நோய் அவரையும் விடவில்லை. மேடையை விட்டு விலகியிருந்தவர், பண நெருக்கடியில் 1921-ல் திரும்பி வந்தார். 1924 ஏப்ரலில், நாடகச் சுற்றுப்பயணத்தின் நடுவே, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து ஓட்டல் அறையில் இறந்தார். வயது 65. ஓய்வுபெற வேண்டிய வயதில் ஓடாய் உழைத்துச் செத்தார் என்பதுதான் நேரான பேச்சு.

நம்மைப் பார்த்தும் ஒரு கேள்வி உண்டு. அதை ஒளிக்க மாட்டோம். 1934-ல் மாஸ்கோவில் மேயர்ஹோல்ட் இந்த நாடகத்தை, பெண்ணை விலைப்பொருளாக்கும் பூர்ஷ்வா சமூகத்தின் மேல் குற்றச்சாட்டாகவே மேடையேற்றினார். மார்கரெட்டாக நடித்தவர் அவருடைய மனைவி ஜினைதா ராய்ஹ். ஜனங்கள் திரண்டு வந்து பார்த்தார்கள். 1938 ஜனவரியில் அதிகாரிகள் அந்தத் தியேட்டரை இழுத்து மூடினார்கள். 1939 ஜூனில் மேயர்ஹோல்ட் கைதானார். மறு மாதம் ராய்ஹ் தம் வீட்டிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார். 1940 பிப்ரவரியில் மேயர்ஹோல்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் மேல் சுமத்திய குற்றம் பொய் என்று 1955-ல் சோவியத் நீதிமன்றமே சொல்லிற்று. சோஷலிசத்தின் பெயரால் நடந்த அநீதி இது. இதை மூடிவைத்துவிட்டுப் பாரிஸ் சீமான்களை மட்டும் கூண்டில் ஏற்றினால், நம் வாதம் ஒற்றைக் காலில் நிற்கும்.

ஆகவே இந்த நாடகத்தை நடத்துகிறவர்களுக்கும் பார்க்கிறவர்களுக்கும் நாம் சொல்லுவது இதுதான். மார்கரெட்டுக்கு மன்னிப்பு வேண்டாம். மன்னிப்புக் கேட்க வேண்டிய குற்றம் எதையும் அவள் செய்யவில்லை. உழைத்தவளுக்குச் சோறு போடாத ஊர்தான் அவளை விற்றது. விற்றுவிட்டு அவளையே பழித்தது.

திரையை ஏலத்திலிருந்து தூக்குங்கள்! கட்டிலுக்கு என்ன விலை, கண்ணாடிக்கு என்ன விலை என்று சபை கேட்கட்டும். மார்கரெட்டாக நடிக்கிற பெண்ணுக்கு என்ன கூலி, நோய் வந்தால் அவளுக்கு வைத்தியம் யார் பொறுப்பு என்றும் கேட்கட்டும். இந்தக் கேள்விகளைக் கேட்டுவிட்டு அழுங்கள். அந்தக் கண்ணீரை நாம் மதிப்போம்!