பூட்டு நமக்கு, சாவி டில்லிக்கு!

மணிமங்கலத்துக்கு அருகே ஒரகடம். அங்கே உருவாகும் கார்கள் லாரியேறி மும்பை போகின்றன. நிலம் தந்தது தமிழகம். சாலையும் தண்ணீரும் தந்தது தமிழகம். வரி எவருக்கு?

முன்பு, எல்லை தாண்டும் சரக்குக்கு மத்திய விற்பனை வரி உண்டு. பெயர்தான் மத்திய வரி. பணம் சரக்கு செய்த மாநிலத்துக்கே! 2017 ஜூலை 1-இல் ஜி.எஸ்.டி. வந்தது. மாநிலப் பங்கு, சரக்கு விலைபோகும் மாநிலத்துக்குப் போயிற்று. ஈடு தருவோம் என்றனர். ஐந்தாண்டுக் காலத்தோடு, 2022 ஜூனில் கணக்கை மூடினர்.

“ஜி.எஸ்.டி. மன்றத்தில் வாதாடலாமே!” என்பர் சிலர். வாதாடலாம், தோழர்களே! வெல்ல முடியுமா? தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும். மூன்றில் ஒரு பங்கு டில்லியிடம். அத்தனை மாநிலங்களும் ஒரே குரலில் முழங்கினாலும் மூன்றில் இரண்டுதான்! டில்லி வேண்டாமென்றால் துரும்பும் அசையாது. இதற்குப் பெயர் கூட்டாட்சியாம்!

மன்றத்தின் பரிந்துரை கட்டளையல்ல என்று 2022 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாநிலங்களின் வருவாயைப் பெருக்குக என்று இராஜமன்னார் குழு 1971-லேயே சொன்னது. நாம் கேட்பது சலுகையல்ல, பங்கு! வாக்குமுறையைத் திருத்துக! சரக்கு செய்யும் மாநிலத்துக்கும் வரியில் இடம் தருக!