கருப்பு புலிகள் அதிகரிப்பது நல்ல செய்தியா? சிமிலிபாலில் நடப்பது என்ன?

ஒடிசாவின் சிமிலிபால் காட்டில் திரியும் கருப்பு புலிகள் தனி இனம் கிடையாது. வங்கப்புலிகள்தான், கோடுகள் அகலமாகி ஒட்டிக்கொள்வதால் கருப்பாகத் தெரிகின்றன.

காரணம் என்ன?
ஒரே ஒரு மரபணு மாற்றம்தான் என 2021ல் பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் உமா ராமகிருஷ்ணன் குழு கண்டறிந்தது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால்தான் குட்டி கருப்பாகும். இங்கே அது சகஜமாகிவிட்டது. வெளிப்புலிகள் வராமல், உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடப்பதன் அடையாளம் இது.

ஆபத்து எங்கே?
இதே வழியில் கெடுதலான மரபணுக்களும் பெருகலாம். அதனால்தான் 2024ல் மகாராஷ்டிராவின் தடோபாவிலிருந்து ஜமுனா, ஜீனத் என 2 பெண் புலிகள் கொண்டுவரப்பட்டன. ஜீனத்தோ மேற்கு வங்கம் வரை போய், டிசம்பரில் பிடிபட்டது.

புலியைக் கொண்டுவந்து விட்டால் மட்டும் போதாது. அது அங்கேயே தங்கி, குட்டி போட்டால்தான் வம்சம் தழைக்கும்.