கொட்டை எழுத்து

"கொட்டை எழுத்திற் போட்டிருந்ததே, கண்ணிற் படவில்லையா?" என்று வினவுவது நம்மவர் வழக்கு. பத்திரிகைத் தலைப்பிலும் சுவரொட்டியிலும் தடித்த எழுத்தை நாடோறும் காண்கின்றோம். ஆயினும், சிறிய எழுத்துடன் ஒரே வரியில் இணங்கி நிற்பதற்கென்றே ஆக்கப்பட்ட தடித்த எழுத்து ஆங்கில அச்சுக்கு வந்தது 1845 ஆம் ஆண்டிலேதான். அதற்குக் கிளறென்டன் என்று பெயர்.

அதற்கு முன்னும் பருத்த எழுத்துக்கள் இருந்தன. அவை விளம்பரத் தாளுக்கென வார்க்கப்பட்டவை. தடித்த கோடு மிகத் தடித்தும், மெல்லிய கோடு மயிரிழை போன்றும் இருக்கும். தெருவில் நிற்பவனை அவை கூவி அழைக்கும். நூலின் பக்கத்திலோ கண்ணை உறுத்தும். இக்குறையை நீக்க முன்வந்தவர் இலண்டன் ஃபான் வீதி எழுத்து வார்ப்புச்சாலையைச் சேர்ந்த றொபேட் பெஸ்லி. உருக்கில் அச்சாணி வெட்டியவர் பெஞ்சமின் பொக்ஸ் என்னும் கைவினைஞர்.

எழுத்துக் கோட்டின் நுனியில் அமையும் சிறு குறுக்குக் கட்டையைச் செரிப் என்பர். கிளறென்டனில் அக்கட்டை தடித்தது; ஆனால், மரத்தின் அடி வேரோடு விரிவதுபோல வளைந்து தண்டுடன் இணைவது. மெல்லிய கோடுகளிலும் போதிய சதை உண்டு. ஆதலால் முரட்டுத் தாளில் அடித்தாலும் எழுத்துச் சிதைவதில்லை.

இதனாற் பெரும்பயன் பெற்றவை அகராதிகள். 1884 இல் முதற்பகுதி வெளிவந்த ஒக்ஸ்போட் பேரகராதியிலும் தலைச்சொற்கள் இவ்வெழுத்திலேயே அச்சாயின. தேடும் சொல்லைக் கண் நொடியிற் பற்றிக்கொள்ளும். பொருளோ மெல்லிய எழுத்தில் அமைதியாகத் தொடரும்.

பெஸ்லி தம் எழுத்தைச் சட்டப்படி பதிவு செய்தார். காப்புரிமை மூன்றே ஆண்டுகள். அது கழிந்ததும் பிற வார்ப்புச்சாலையார் தயக்கமின்றிப் படியெடுத்தனர். அமெரிக்காவில் மரத்திற் செதுக்கிய பேரெழுத்தாகவும் அது பரவியது. பெஸ்லி 1869 இல் இலண்டன் மாநகர முதல்வரானார். பொக்ஸின் பெயரையோ அச்சியல் கற்றோரன்றி வேறெவரும் அறியார். 1953 இல் சுவிற்சலாந்தின் ஹாஸ் வார்ப்புச்சாலைக்காக ஹேர்மன் ஐடன்பென்ஸ் அதனைப் புதுக்கி அமைத்தார். அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் வழிகாட்டிப் பலகைகளிலும் அது நெடுங்காலம் நின்றது.

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த எழுத்தும் தடித்துவிடும். அதனாற்போலும், திருமண அழைப்பிதழிலே தெய்வத்தின் பெயர் முதல் மண்டபத்தின் பெயர் வரை யாவும் தடித்தே நிற்கின்றன. மாணவர் சிலர் குறிப்பேட்டின் எல்லா வரிகளுக்கும் கீழே கோடிடுவதும் இத்தகையதே. பரீட்சைக்கு முதல்நாள் அக்குறிப்பேட்டைத் திறப்பவனுக்கு எது முதன்மையானது என்பது விளங்காது. அகராதியின் தலைச்சொல் எடுப்பாகத் தோன்றுவது, அதனைச் சூழ்ந்த நூறு சொற்கள் மெல்லியனவாக இருப்பதனால் அன்றோ? அடுத்த முறை அழைப்பிதழ் அச்சிடக் கொடுப்போர், எந்த ஒரு சொல் தடித்து நிற்கவேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்வார்களாக.