அமைதி என்றால் யாருக்கு அமைதி?

உலக அமைதிக்குச் சர்வமதப் பிரார்த்தனை என்றதும் நாகல் நகர்த் தோழர்கள் சிலர், "நமக்கு அங்கே என்ன வேலை?" என்கிறார்கள். வேலை இருக்கிறது என்கிறோம் நாங்கள். காஸாவில் குழந்தைகள் சாகும்போது சேரி வாய்மூடி இருக்க முடியாது. 1986 அக்டோபர் 27 அன்று அசிசி நகரில் போப் இரண்டாம் ஜான் பால் பல மதத்தாரையும் கூட்டி, போரிடுவோர் அந்த ஒரு நாளாவது ஆயுதத்தைக் கீழே வைக்கக் கேட்டார். கேட்டது சரிதான்.

ஆனால் 'அமைதி' என்ற சொல் நமக்கு அசிசியிலிருந்து வரவில்லை, தாசில்தார் ஆபீசிலிருந்து வந்தது. அடித்தவரையும் அடிபட்டவரையும் ஒன்றாக உட்காரவைத்து, ஊர் அமைதி கெடக்கூடாது என்று கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் அமைதிப் பேச்சுவார்த்தை. மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போன தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். சுற்றுச் சுற்றாகப் பேசினார்கள். ஜூன் 7 அன்று கோயிலுக்கே சீல் வைத்தார்கள். சாமிக்கும் பூட்டு, ஊரில் அமைதி!

"அது இந்துக்கள் பிரச்சினை" என்று மேடையிலிருக்கும் மற்றவர்கள் நகர்ந்துகொள்ள வேண்டாம். எறையூரில் இரு தரப்பும் கிறித்தவர்கள்தான். பாகுபாடு பொறுக்காமல் தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் 2008 மார்ச்சில் தாக்கப்பட்டன. ஒரே சிலுவையைக் கும்பிடுகிறவர்களுக்குள்ளேயே நடந்தது இது.

இதைச் சொன்னால், "எல்லாவற்றிலும் சாதியைக் கொண்டுவராதீர்கள்" என்பார்கள். நாமா கொண்டுவந்தோம்? 1950 குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாத தலித்தைப் பட்டியலுக்கு வெளியே வைத்தது. சீக்கியரை 1956இல் சேர்த்தார்கள், பௌத்தரை 1990இல். கிறித்தவரும் இஸ்லாமியரும் இன்னும் வெளியேதான். குருக்களும் பாதிரியாரும் இமாமும் கைகோத்து நிற்கும் அதே மேடையில், அந்த ஆணையைத் திருத்து என்று மூன்று பேரும் சேர்ந்து ஒரு வரி சொல்லலாமே. மெழுகுவத்தியைவிட அதற்குச் செலவு குறைவு.

அதனால் அழைத்தால் போவோம். பின்வரிசையில் தலை எண்ணிக்கைக்காக உட்கார மாட்டோம், மைக் கேட்போம். உக்ரைனுக்கும் காஸாவுக்கும் பிரார்த்திக்கும்போது மேல்பாதியையும் எறையூரையும் பெயர் சொல்லிச் சேர்க்கக் கேட்போம். "நேரமில்லை" என்றால், பிரார்த்தனை முடிந்து எல்லோரும் வெளியே வரும் வாசலில் துண்டறிக்கையோடு நிற்போம். கல்லூரித் தோழர்கள் துண்டறிக்கை எழுத இப்போதே உட்காருங்கள்.