கால்போஸ்கோபி: வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

சாலைக் கடைத்தெருவில் விலை பேசுவதென்றால் நம் வீட்டுப் பெண்கள் மலையாளத்தில் வெளுத்து வாங்குவார்கள். அதே பெண்கள் டாக்டர் முன்னால் அமர்ந்து கருப்பை வாயைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்க வேண்டுமென்றால் வாயடைத்துப் போகிறார்கள். தமிழிலேயே வீட்டில் பேசாத விஷயத்தை மலையாளத்தில் எப்படிக் கேட்பார்கள்?

பாப் ஸ்மியர் சோதனையில் ஏதோ மாற்றம் தெரிகிறது, கால்போஸ்கோபி செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால், அந்தச் சீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் போய்விடுகிறது. காரணம் பாதி பயம், பாதி வெட்கம். இரண்டும் தேவையில்லை என்பது என் கருத்து.

நான் டாக்டர் அல்ல; ரயில்வேயில் பாதைப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன். தண்டவாளத்துக்குள் இருக்கும் கீறல் கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராசானிக் கருவியை ஓட்டிப் பார்ப்போம். கருவி காட்டிக் கொடுத்தால் தண்டவாளம் முறிந்துவிட்டது என்று பொருளல்ல. அந்த இடத்தை நன்றாகப் பார் என்று பொருள். கால்போஸ்கோபியும் அப்படித்தான். அதற்கு அனுப்பப்படும் பெண்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

என்ன செய்வார்கள்? கால்போஸ்கோப் என்பது உருப்பெருக்கிக் காட்டும் ஒரு கருவி. அது உடலுக்கு வெளியேதான் நிற்கும். வழக்கமான பரிசோதனை போலவே படுக்க வைத்து, ஸ்பெகுலம் வைத்து, கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார்கள். வினிகரில் இருப்பதும் அதுவே. சற்று எரியலாம். மாற்றமுள்ள இடம் வெண்மையாகத் தெரியும். சந்தேகம் இருந்தால் அரிசி மணியளவு சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். அப்போது கிள்ளுவது போல் வலிக்கும். எல்லாம் 10 முதல் 20 நிமிடம். பொதுவாக மயக்க மருந்தோ பட்டினியோ தேவையில்லை.

முன்னேற்பாடுகளும் எளியவை. மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து நேரம் கேளுங்கள். முந்தைய 2 நாட்கள் தாம்பத்திய உறவும் உள்ளே வைக்கும் மருந்துகளும் வேண்டாம். உட்புறம் கழுவவும் வேண்டாம். கர்ப்பமாக இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ, அயோடின் ஒவ்வாவிட்டாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பயாப்சி எடுத்தால் சில நாட்கள் இலேசான இரத்தக் கசிவோ, காப்பித்தூள் நிறத்தில் கசிவோ இருக்கலாம். அதிக இரத்தப்போக்கு, காய்ச்சல், துர்நாற்றம் இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இதனால் என்ன பலன் என்பதற்குத் திண்டுக்கல் மாவட்டமே சாட்சி. நம் ஊர் மண்டலப் புற்றுநோய் மையத்தில் முன்பு பணியாற்றிய டாக்டர் ஆர். சங்கரநாராயணன் குழுவினர், 2000 முதல் 2003 வரை அங்கே 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு வினிகர் முறைச் சோதனை நடத்தினர். வந்தவர்கள் 31,343 பேர். மாற்றம் தெரிந்த 3,088 பேரில் 3,052 பேர் கால்போஸ்கோபி செய்துகொண்டனர். பயிற்சி பெற்ற நர்சுகளே செய்தார்கள். சோதனைக்கு அழைக்கப்படாத பகுதிகளோடு ஒப்பிட்டால், அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த மரணங்கள் 35 சதவீதம் குறைவு என்று 2007இல் முடிவு வெளியானது. அந்தக் கிராமத்துப் பெண்களால் முடிந்தது, மெடிக்கல் காலேஜுக்கு ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் நம் பெண்களால் முடியாதா?

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்: இந்த விவரங்களை ஒரு பக்கத் துண்டறிக்கையாகத் தமிழில் அச்சிட்டு வீடுதோறும் கொடுக்கலாம். வீட்டு ஆண்களுக்கும் ஒன்று: சீட்டு வந்திருக்கிறதா என்று நீங்களே கேளுங்கள். ஒரு முற்பகல் கடையைப் பையனிடம் விட்டுவிட்டுக் கூடப் போங்கள். புரியாததை டாக்டரிடம் கேட்டுத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். அந்தச் சீட்டு அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் கிடக்கக் கூடாது.