கடன் பத்திரத்தில் கையெழுத்துக்கு முன் ஒரு கணக்குத் தாள்

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அலுவலகம், கோரம்பள்ளம், தூத்துக்குடி
நகல்: மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

சாகுபுரத்திலிருந்து எழுதுகிறோம். 1950களின் இறுதியில் காஸ்டிக் சோடா ஆலை வந்த பிறகு உருவான ஊர் எங்களுடையது. போன தலைமுறைக்கு வெளிநாடு என்றால் வளைகுடா, இல்லையென்றால் கப்பல் வேலை. ஷிப்ட் பார்த்துப் பிள்ளைகளை இன்ஜினியரிங் வரை படிக்கவைத்த வீடுகளில் இப்போது பேச்சு மாறிவிட்டது. ஆறுமுகநேரி, ஆத்தூர், காயல்பட்டினம் எங்கே போனாலும் "பையன் யு.கே.க்கு மாஸ்டர்ஸ் போறான்", "பொண்ணுக்கு ஆஃபர் லெட்டர் வந்திருச்சு" என்ற பேச்சைக் கேட்கலாம். பிரிட்டனில் படிக்கும் இந்திய மாணவர்கள் லட்சத்துக்கும் மேல். எங்கள் பிள்ளைகளும் அதில் இருப்பது எங்களுக்குப் பெருமைதான். யாரையும் போகாதே என்று தடுக்க இந்த மடலை எழுதவில்லை.

எங்கள் கவலை வேறு. பிள்ளை எந்தக் கணக்கை நம்பிப் போகிறது? அந்தக் கணக்கை அதற்குச் சொன்னது யார்?

பெரும்பாலும் கன்சல்டன்சிதான். மாணவரிடம் காசு வாங்காமலே வேலை பார்க்கிறார்கள் என்றால், சேர்த்துவிட்ட ஒவ்வொரு தலைக்கும் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கிறது என்று பொருள். அதில் சட்ட விரோதம் எதுவும் இல்லை. ஆனால் கமிஷன் வாங்குகிறவரே ஆலோசகராகவும் இருக்கும்போது, பெற்றோர் கைக்கு வரும் தாளில் எது இருக்கும், எது இருக்காது என்பதைச் சொல்லத் தேவையில்லை. அப்படி ஒரு தாளை நாங்கள் பார்த்தோம். கல்விக் கட்டணம் பவுண்டில் அச்சாகியிருந்தது. அதன் கீழே பேனாவால் ஒரே வரி: "தங்கும் செலவு பார்ட்-டைமில் வந்துவிடும்." அந்த ஒரு வரியை நம்பித்தான் வீட்டுப் பத்திரம் வங்கிக்குப் போகிறது.

அந்த வரி சரிதானா என்று பார்ப்போம். பவுண்டுக்கு 115 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு மாஸ்டர்ஸுக்குக் கட்டணம் 18,000 பவுண்டு என்றால் 20.7 லட்சம் ரூபாய். இதைவிடக் குறைந்த படிப்பும் உண்டு, மிகக் கூடியதும் உண்டு. வாழ்க்கைச் செலவுக்கு லண்டனுக்கு வெளியே மாதம் 1,171 பவுண்டு, லண்டனில் 1,529 பவுண்டு என்ற கணக்கில் ஒன்பது மாதப் பணத்தை, 28 நாள் வங்கியில் வைத்துக் காட்டச் சொல்கிறது அந்நாட்டு உள்துறை. அது 2025 நவம்பரில் உயர்த்தப்பட்ட அளவு. படிப்போ பன்னிரண்டு மாதம். லண்டனுக்கு வெளியே இருந்தால்கூட ஆண்டுக்கு 16 லட்சம் ஆகிவிடும். மருத்துவத்துக்காக விசாவோடு சேர்த்துக் கட்டும் சுகாதாரக் கட்டணம் மாணவருக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்பின் விசா பொதுவாக ஓராண்டைத் தாண்டி நீள்வதால் 1,164 பவுண்டு கட்ட வேண்டிவரும். மொத்தம் 38 லட்சம். விசாக் கட்டணமும் காசநோய்ப் பரிசோதனையும் விமான டிக்கெட்டும் இதில் சேரவில்லை.

இனி அந்தப் பார்ட்-டைம். படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை பார்க்கலாம். 21 வயதானவருக்குக் குறைந்தபட்சக் கூலி 2026 ஏப்ரல் முதல் மணிக்கு 12.71 பவுண்டு. ஒரு வாரம்கூட விடாமல் முழு 20 மணி நேரம் கிடைத்தாலும் மாதம் 1,100 பவுண்டுதான் வரும். அரசே சொல்லும் வாழ்க்கைச் செலவுக்கு அதுவே போதாது. கட்டணத்துக்கு அதிலிருந்து ஒரு பைசா மிஞ்சாது. முதல் வேலை கிடைக்கவே இரண்டு, மூன்று மாதம் ஆவது சாதாரணம். "கோடை விடுமுறையில் ஃபுல்-டைம் பார்க்கலாம்" என்று சொல்லி அனுப்புகிறார்கள். மாஸ்டர்ஸ் மாணவருக்குக் கோடை என்பது ஆய்வேடு எழுதும் காலம். அவருக்கு அது விடுமுறைக் கணக்கில் வராது, 20 மணி நேர வரம்பு அப்போதும் உண்டு. சைக்கிளில் சாப்பாடு டெலிவரி செய்வது சுயதொழிலாகக் கருதப்படுவதால் மாணவர் விசாவில் அதற்கு அனுமதியே கிடையாது. நண்பனின் கணக்கில் ஓட்டி மாட்டிக்கொண்டால் விசாவே போய்விடும். இதை இங்கேயே அழுத்திச் சொல்லி அனுப்ப வேண்டாமா?

கடனைப் பாருங்கள். 7.5 லட்சத்துக்கு மேல் போனால் வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கின்றன. 30 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைப்போம். படிப்புக் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் தவணை இல்லை என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். இரண்டு ஆண்டு முடிவில் கடன் 36 லட்சத்தை நெருங்கும். பத்து ஆண்டில் அடைக்க மாதம் 47 ஆயிரத்துச் சொச்சம். பிள்ளை வேலையில்லாமல் திரும்பி வந்தால் இந்தத் தவணையைக் கட்டப்போவது இணைக் கடன்தாரராகக் கையெழுத்திட்ட அப்பா. அவர் ஓய்வுபெற இன்னும் எத்தனை ஆண்டு இருக்கிறது என்பதைக் கல்விக் கடன் முகாமில் யாராவது கேட்கிறார்களா?

தங்கள் அலுவலகம் 'கல்லூரிக் கனவு' நிகழ்ச்சிகளை நடத்துகிறது. வங்கிகளை ஒரே கூரையின் கீழ் கூட்டிக் கல்விக் கடன் முகாம் நடத்துகிறது. நல்ல பணி, நன்றியோடு சொல்கிறோம். ஆனால் எத்தனை கோடி அனுமதிக்கப்பட்டது என்பதோடு முகாமின் வேலை முடிந்துவிடக் கூடாது. இந்தக் கடற்கரையில் முத்துச் சலாபம் என்ற முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பியைத் திறக்காமலேதான் ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து உண்டா இல்லையா என்பது வாங்குகிறவன் பாடு. ஆனால் அதற்கு முன்பே அரசு அதிகாரிகள் கடலடிச் சிப்பிப் பாரைப் பார்வையிட்டு, மாதிரிக்குச் சிப்பி எடுத்துத் திறந்து, கிடைத்த முத்துக்கு மதிப்புப் போடவைப்பார்கள். அந்த மதிப்பு தேறினால்தான் சலாபத்துக்கு அறிவிப்பே வரும். 1961-ல் கடைசிச் சலாபம் முடிந்தது. வாங்குகிறவனுக்கு முன்கூட்டி மதிப்பைச் சொல்வது அரசின் கடமை என்ற அந்த வழக்கத்தைத்தான் இன்று கடன் முகாமுக்குக் கேட்கிறோம்.

வேலை விஷயத்துக்கு வருகிறோம். பிள்ளைகள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். படிப்பு முடிந்ததும் தங்கி வேலை தேட 2021 ஜூலையில் கிராஜுவேட் விசா வந்தது. இரண்டு ஆண்டு கொடுத்தார்கள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதம்தான். முனைவர் பட்டக்காரர்களுக்கு மட்டும் மூன்று ஆண்டு. 2026 செப்டம்பரில் ஓராண்டு மாஸ்டர்ஸுக்கு விமானம் ஏறுகிற எல்லாருமே இந்த 18 மாதக் கணக்கில்தான் வருவார்கள். "ரெண்டு வருஷம் இருக்கலாம்" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது பொய். இந்த விசாவுக்கான சுகாதாரக் கட்டணமும் ஆண்டுக்கு 1,035 பவுண்டாக உயர்ந்து நிற்கும். அதையும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டிய பணமாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

அதற்குப் பிறகும் அங்கே இருக்க வேண்டுமானால் ஸ்பான்சர் செய்யும் நிறுவனம் வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அந்த விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாகப் படித்து வருபவருக்குச் சலுகை வரம்பு 33,400. வேலையும் பட்டதாரித் தரத்தில் இருந்தாக வேண்டும். குறைந்தபட்சக் கூலியில் வாரம் முப்பத்தேழரை மணி நேரம் உழைத்தால் ஆண்டுக்கு 24,800 பவுண்டு போலத்தான் வரும். கடையிலோ கிடங்கிலோ எவ்வளவு நல்ல பெயர் எடுத்தாலும் அந்தப் படியை ஏற முடியாது. முதியோர் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பதும் அதே தேதியில் நின்றுவிட்டது. இப்போதும் யாராவது "கேர் விசா வாங்கித் தருகிறேன், இத்தனை லட்சம்" என்றால் அது மோசடி. ஸ்பான்சர் உரிமம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் பிரிட்டன் அரசின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இருக்கிறது. தங்கள் அலுவலகத்தில் ஒரு கணினி போதும், சரிபார்த்துச் சொல்லலாம்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதே இல்லை. அங்கே பெரிய நிறுவனங்கள் பட்டதாரிகளை எடுக்கும் திட்டங்களுக்கு விண்ணப்பம் செப்டம்பரில் திறக்கும். நவம்பர், டிசம்பருக்குள் பல மூடிவிடும். வேலை தொடங்குவதோ அடுத்த ஆண்டு செப்டம்பர் வாக்கில். நம் பிள்ளை செப்டம்பரில் இறங்கி, அறை தேடி, குளிருக்குப் பழகி, முதல் அசைன்மென்ட் கொடுத்து நிமிரும்போது அந்தப் பருவம் முடிந்திருக்கும். படிப்பு முடித்த பிறகு தேடலாம் என்று இருப்பவர் ஓராண்டைத் தொலைக்கிறார். ஆகவே சி.வி. ஆகஸ்டிலேயே தயாராக வேண்டும். அதில் போட்டோ வேண்டாம், பிறந்த தேதி வேண்டாம், தகப்பனார் பெயர் வேண்டாம். இரண்டு பக்கத்தில், இறுதியாண்டு புராஜெக்டில் தான் என்ன செய்தோம் என்பதைத் தெளிவாகச் சொன்னால் போதும். பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு ஆலோசனைப் பிரிவு மாணவருக்கு இலவசம். முதல் வாரத்திலேயே அங்கே போய் உட்கார வேண்டும். ஆலையில் ஒரு மாதம் இன்டர்ன்ஷிப் பார்த்திருந்தால் அதை வெட்கப்படாமல் முன்னால் எழுத வேண்டும். கெமிக்கல் பிளான்ட்டை நேரில் பார்த்தே இராத போட்டியாளர்கள் அங்கே நிறையப் பேர்.

வீடு பற்றிச் சுருக்கமாக. அறையைப் பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. இங்கிலாந்தில் தனியார் வீடுகளுக்கு டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகையைத் தாண்டக் கூடாது, முப்பது நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்க்கப்பட வேண்டும். முழுநேர மாணவருக்கு கவுன்சில் வரி கிடையாது. மாஸ்டர்ஸ் வகுப்பில் படிப்பவர் 2024 முதல் மனைவி, மக்களைக் கூட்டிப்போக முடியாது. திருமணம் பேசிக்கொண்டிருக்கும் வீடுகள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பணம் இல்லாதவருக்குக் கதவே இல்லையா? இருக்கிறது. ஆதிதிராவிட, பழங்குடி மாணவருக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையாகத் தமிழக அரசு 36 லட்சம் வரை தருகிறது. இரண்டாண்டு வேலை அனுபவம் உள்ளவர் செவனிங் உதவித்தொகைக்குப் போட்டியிடலாம். 18 முதல் 30 வயதுப் பட்டதாரிகளுக்கு, கல்விக் கட்டணமே இல்லாமல் இரண்டு ஆண்டு பிரிட்டனில் இருந்து வேலை பார்க்கக் குலுக்கல் முறையில் ஆண்டுக்கு 3,000 இடம் வரை ஒரு விசா உண்டு. இவற்றைப் பற்றி முக்காணியிலோ புன்னைக்காயலிலோ எத்தனை வீட்டுக்குத் தெரியும்?

எனவே எங்கள் கோரிக்கை இதுதான். மேலே சொன்ன கணக்கெல்லாம் அடங்கிய ஒரு பக்கத் தாளைத் தமிழில் அச்சிட்டு, தேதி போட்டு, விதி மாறும்போதெல்லாம் திருத்தி வெளியிடுங்கள். வெளிநாட்டுப் படிப்புக்குக் கடன் கேட்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் கையெழுத்துக்கு முன் அதைப் படித்துக்காட்ட வங்கிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மாவட்டத்திலிருந்து போய் இப்போது அங்கே வேலையில் இருப்பவர்களையும், வேலை கிடைக்காமல் திரும்பியவர்களையும் அழைத்துப் பேசவையுங்கள். இரண்டு தரப்பும் வேண்டும்.

செப்டம்பர் சேர்க்கைக்கான கடன் விண்ணப்பங்கள் ஏப்ரலுக்குப் பிறகுதான் வங்கிகளில் குவியும். அதற்கு முன், ஏப்ரலில் ஒரு முகாமை ஆறுமுகநேரியிலோ காயல்பட்டினத்திலோ வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் அலுவலகம் போகிறவர்கள் வரலாம். மாலை நேரமானால் உப்பளத் தொழிலாளர்களும் முதல் ஷிப்ட் முடித்தவர்களும் வர முடியும். அம்மா, அப்பா இருவரும் வர வேண்டும் என்று அழைப்பிதழிலேயே போடுங்கள். மண்டபம் பார்ப்பதும், வீடு வீடாகச் சொல்லி அழைத்து வருவதும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
ஆசிரியர்
சாகுபுரம்